இரண்டு அழுகைக்கும் ஒரே முகம்

பிப்ரவரி 9

அக்கா,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் கடிதம் தொடங்கவும் எனக்குத் தெரியாது. அந்த வரியை எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று மேஸ்திரியின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முகவரியும் அவள் கொடுத்ததுதான். அவளைத் திட்டாதீர்கள், நான்தான் வாயைப் பிடுங்கினேன்.

நீங்கள் போன அன்று நான் சின்னவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்கள் அறை பெருக்கித் துடைத்துக் கிடந்தது. பெரியவரின் சட்டைகள் மட்டும் கொடியில் தொங்கின. அடுப்படியில் எனக்குச் சாப்பாடு மூடி வைத்திருந்தீர்கள். கோபத்தில் போகிறவர்கள் யாராவது சமைத்து வைத்துவிட்டுப் போவார்களா என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஓரகத்திகள் ஒரே அடுப்பில் சமைத்தால் ஒரு மாதம் தாங்காது என்றார்கள். நாம் ஆறு வருடம் சமைத்தோம். அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தபோதுகூட நமக்குள் வந்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன். நான் செய்த குற்றம் என்ன?

நானே ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். மலையைக் குடைந்துகொண்டிருந்த இடத்தில் மேற்கூரை சரிந்தது. மற்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள், உங்கள் பெரியவரும் என் சின்னவரும் மட்டும் உள்ளே. நாம் அந்தத் தகரக் கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் எஞ்சினியர் வந்து உங்களிடம், "பெரியவர் உயிரோட இருக்காரும்மா, வெளிய கொண்டு வந்துட்டோம்" என்றார். சாயங்காலம் அதே எஞ்சினியர் வந்து என்னிடம், "மன்னிச்சிருங்கம்மா, அது சின்னவர்" என்றார். முகமெல்லாம் சேறும் வீக்கமும். உடம்பில் இருந்தது பெரியவரின் நம்பர் தைத்த கோட்டு. அவர்களும் மனிதர்கள்தானே, நம்பரைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் உள்ளே மறுபடியும் சரிந்தது. இனி யாரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று வேலையை நிறுத்திவிட்டார்கள்.

சின்னவர் என்று கேட்டதும் நான் அழுதேன். அதற்காகவா போனீர்கள்? அழாமல் கல்லாக நின்றிருந்தால் இருந்திருப்பீர்களா?

எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி


பிப்ரவரி 20

தங்கச்சிக்கு,

கொடியில் இருக்கும் சட்டைகளைத் துவைக்க வேண்டாம்.

போனில் பேசினால் நடுவில் நீ அழுவாய். எந்த அழுகை என்று எனக்குத் தெரியாது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இனிமேல் எழுதாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபின் கை வேறு எழுதுகிறது.

நீ அழுததற்காக நான் போகவில்லை. நீ எங்கே அழுதாய் என்று நினைவிருக்கிறதா? என் மடியில். எஞ்சினியர் சொன்னது எனக்கு ஏறவே இல்லை. மன்னிச்சிருங்க என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. நீ சரிந்து என் மடியில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதாய். உன் புருஷன் போய்விட்டான் என்று நினைத்தேன். உன் தலையைத் தடவி, "அழாதடி, நான் இருக்கேன்ல, உன்ன விட்டுருவேனா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் குடிக்க வைக்கலாம் என்று உன் முகத்தை நிமிர்த்தினேன். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

எஞ்சினியர் சொல்லிப் புரியாதது உன் வாயைப் பார்த்ததும் புரிந்தது. என் வீட்டுக்காரர் இல்லை என்ற சேதி எனக்கு உன் சிரிப்பில்தான் வந்தது. உன் மேல் தப்பில்லை. உன் இடத்தில் யார் இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஆனால் தினமும் அந்த வாய்க்கு எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? நீ ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் எனக்கு அந்தச் சேதி புதிதாக வரும்.

இல்லை என்று மேலே எழுதிவிட்டேன். கை தவறி எழுதியது. யார் போய்ப் பார்த்தார்கள்? உயிரோடு இருக்கிறார் என்றார்கள், தப்பாகப் போனது. இப்போது இல்லை என்கிறார்கள். அது மட்டும் சரியாக இருக்கும் என்று என்ன நிச்சயம்? துக்கம் கேட்க வந்தவர்களிடம் அதைச் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவும் ஒரு காரணம், நான் கிளம்பியதற்கு.

இங்கே வேலை உண்டு, படுக்க இடம் உண்டு. இரண்டு ஆயாக்களுக்கு ஒரு அறை. கூட இருப்பவளைக் குண்டூசி என்று கூப்பிடுகிறார்கள். உடம்பும் அப்படி, பேச்சும் அப்படி. பிரசவ அறைக்கு வெளியே தரை துடைப்பது என் வேலை. கதவு திறந்து குழந்தையைக் காட்டுவார்கள். காட்டியதும் அழுவார்கள். நாளெல்லாம் இதேதான். நான் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

உன் புருஷனுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

அக்கா


மார்ச் 3

அக்கா,

கேட்கவில்லை என்று எழுதியதைக் கேட்டதாக எடுத்துக்கொண்டேன். கால் சேர்ந்துகொண்டு வருகிறது. கம்பு ஊன்றி நடக்கிறார். இடது கண்ணில் பார்வை மங்கல்தான், அது அப்படியேதான் இருக்குமாம்.

உங்கள் கடிதத்தை பிஸ்கட் கம்பெனிக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பிறகு பொட்டலம் கட்டும் வரிசையில் நின்றபோது கை ஓடவில்லை. உடைந்ததும் முழுசும் ஒன்றாகப் போய், சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். முதலில் வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வருவதற்குள் கோபம் வந்துவிட்டது. கோபத்தையும் எழுதிவிடுகிறேன், வைத்துக்கொண்டு இருந்தால் புளித்துப்போகும்.

என் சிரிப்பைப் பார்த்தீர்கள். ஒரு நிமிடம். அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் உங்கள் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது உங்களுக்கு நினைவில் இல்லையா? என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். என் தோள் நனைந்துபோனது. என் வீட்டுக்காரர் உள்ளே கிடக்கிறார் என்று தெரிந்தும் அழுதீர்கள். "ஒருத்தர் வந்துட்டா இன்னொருத்தர் வராம இருப்பாராடி" என்றீர்கள். சொல்லும்போதே உங்கள் முகத்தில் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக என் சீப்பை வாங்கி, ஜன்னல் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரினீர்கள். மூன்று நாளாக நாம் இருவரும் தலை வாரவில்லை. வாரி முடித்துச் சீப்பைத் திருப்பிக் கொடுத்தீர்கள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் உங்களை வெறுத்தேன் அக்கா. சாவது உங்கள் புருஷனாக இருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். நினைத்தது நடந்துவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல்தான் இத்தனை நாளும் போன் செய்துகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து, "மூஞ்சியெல்லாம் கட்டு. ஆனா அவர் கால் எனக்குத் தெரியாதா" என்றீர்கள். நீங்கள் அங்கேயே இருந்திருக்கலாம். என்னைத் தனியாக விடக்கூடாது என்றுதான் கூடத்துக்குத் திரும்பி வந்தீர்கள். அதையும் மறக்கவில்லை.

இன்னொன்று உண்டு. இதை யாரிடமும் சொல்லவில்லை.

சின்னவர் கண் திறந்தபோது முதலில் பார்த்தது என் முகம். நான் அழுதுகொண்டிருந்தேன். "அண்ணன் போயிட்டாரா?" என்றார். இப்போதைக்கு எதுவும் சொல்லக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். "இல்லங்க, நீங்க கண்ணு முழிச்சீங்கல்ல, அந்தச் சந்தோஷத்துல அழுறேன்" என்றேன். அது பொய்யும் இல்லை. அவர் நம்பிவிட்டார். நம்பிச் சிரித்தார். வருகிற நர்ஸிடமெல்லாம், "எங்க அண்ணன் எந்த வார்டு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மேஸ்திரி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனும் போயிட்டான், இனி நீதாண்டா தைரியமா இருக்கணும்" என்றார். சின்னவர் மேஸ்திரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. என் கண் கலங்கினால் கம்பை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுகிறார். உங்கள் அறைக்குத்தான்.

தங்கச்சி


மார்ச் 17

தங்கச்சிக்கு,

உன் சீப்பு விஷயம் உண்மை. நான் மறந்திருந்தேன். படித்தபின் மறக்க முடியவில்லை. வெறுத்தது சரிதான், நானாக இருந்தால் சீப்பைப் பிடுங்கி எறிந்திருப்பேன். நீ நினைத்ததற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. மலைக்குக் காது கிடையாது. அதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

இங்கே ஒருவன் வந்தான், லாரி டிரைவர். ஆள் பனைமரம் மாதிரி. மனைவிக்கு நான்காவது முறை. முதல் மூன்றும் தங்கவில்லை. குழந்தையைக் காட்டியதும் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்து, விக்கி விக்கி அழுதான். நான் ஈரத் துணியோடு நின்றேன். ஏன் அழுகிறான் என்று கேட்டுவிட வேண்டும்போல் இருந்தது. அவனைக் கேட்கவில்லை. தலைமை நர்ஸைக் கேட்டேன். அந்த அம்மாள் எப்போதும் எரிந்து விழுவாள், அன்று என்னவோ நின்று பதில் சொன்னாள். "சந்தோஷம் தாங்கற அளவுக்கு மேல போனா உடம்பு பயந்துக்கும். பால் பொங்கும்போது தண்ணி தெளிக்கிறோம்ல, அந்த மாதிரி அழுகையத் தெளிச்சு அடக்கிக்கும்."

பால் கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு வேறு தோன்றுகிறது. அந்த லாரிக்காரன் இந்தக் குழந்தைக்காக அழவில்லை. முதல் மூன்றுக்கும் அழாமல் வைத்திருந்ததை அன்று அழுதான். மனைவி எதிரில் அப்போது அழ முடிந்திருக்காது. ஆபத்தில் ஓடும்போது கால் நடுங்காது, வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபின்தான் நடுங்கும். எல்லோரும் அழுவது அந்த நடுக்கத்தைத்தான். இனி அழுதாலும் ஒன்றும் ஆகிவிடாது என்று தெரிந்தபின் அழுகிறார்கள்.

நானும் அன்று அப்படித்தான் அழுதேன். அவர் செத்திருந்தால் எப்படியெல்லாம் ஆகியிருப்பேன் என்பதை மூன்று நாளாகப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். பிழைத்துவிட்டார் என்றதும் தைரியமாகத் திரும்பிப் பார்த்தேன். பார்த்து முழுவதும் அழுது தீர்த்துவிட்டேன். இப்போது அழ வேண்டிய நேரத்தில் உள்ளே ஒன்றும் இல்லை. குண்டூசி சொல்கிறாள், "உனக்குக் குழாய் அடைச்சிருக்கு, பிளம்பரத்தான் கூப்பிடணும்." நான்கூடச் சிரித்தேன்.

தம்பியிடம் ஒன்று கேட்டு எழுது. கடைசியாக அவரை எங்கே பார்த்தான்? அப்போது அவர் எப்படி இருந்தார்? கோட்டு எப்படி மாறியது? அவன் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அண்ணி கேட்கிறாள் என்று சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

அண்ணி கேட்கிறார்கள் என்றதும் பேசினார். இத்தனை நாளும் வாய் திறக்காதவர், உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்ததும் பேசினார். அதற்காகவாவது உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர் சொன்னதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். எழுதாவிட்டால் நான் மறுபடியும் ஒருவருக்குப் பொய் சொன்னதாகிவிடும். அவரும் எழுதச் சொல்கிறார்.

அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"முதல் சரிவுல என் கால் மாட்டிக்கிச்சு. அண்ணன்தான் இழுத்துவிட்டாரு. கீழ தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு, எனக்குக் குளிர்ல பல்லு தந்தி அடிக்குது. அண்ணன் அவர் கோட்டக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டாரு. 'இரு, அந்தப் பக்கம் காத்துக் குழாய் இருக்கு, தட்டிப் பாக்குறேன், வெளிய கேக்கும்'னு தவழ்ந்து போனாரு. போன கொஞ்ச நேரத்துல நடுவுல மண்ணு இறங்கிருச்சு. கூப்பிட்டா குரல் கேக்கல. ஆனா தட்டுற சத்தம் கேட்டுச்சு. அவர் ரெண்டு தட்டு தட்டுவாரு. நான் கல்ல எடுத்துப் பாறையில ரெண்டு தட்டு தட்டுவேன். அப்படியே பேசிக்கிட்டு இருந்தோம். அடுத்த நாளும் தட்டுனாரு. அப்புறம் எனக்கு நினைவு தப்பிப் போச்சு. எதுவரைக்கும் தட்டுனாருன்னு எனக்குத் தெரியாது அண்ணி."

கடைசியில் அண்ணி என்று சொன்னார். நீங்கள் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் முகம் காய்ந்தே இருந்தது. நான் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சேதி. மலையின் மறுபக்கத்திலிருந்து மறுபடி தோண்டப் போகிறார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் அந்த இடத்துக்கு வந்துவிடுவார்களாம்.

தங்கச்சி


ஏப்ரல் 8

தங்கச்சிக்கு,

மூன்றாம் நாள் காலையில் தம்பியை வண்டியில் ஏற்றத் தூக்கி வந்தபோது, வெளியே நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். மெஷின்களை நிறுத்திவிட்டுத் தட்டினார்கள். நானும் தட்டினேன். என் புருஷன் வருகிறார் என்று அழுதுகொண்டே தட்டினேன். வெகுநேரம் தட்டினோம்.

அவ்வளவு கைதட்டலில் உள்ளே ஒருவர் குழாயைத் தட்டினால் யாருக்குக் கேட்கும்?

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். நான் தூங்குவதில்லை. வண்டி உருளும் சத்தம், பாத்திரம் வைக்கும் சத்தம், எல்லாம் இரண்டு இரண்டாகக் கேட்கிறது. நேற்று ஒரு தாய்க்குத் தட்டில் பால் கொண்டுபோனேன், டம்ளர் ஆடி இரண்டு முறை தட்டியது. தட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

அவர் இறந்துவிட்டார் என்று இத்தனை நாள் நம்பாமல் இருந்தேனே, அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. இப்போது அவர் பிழைத்திருந்தார் என்று நம்புகிறேன். அதைத் தாங்க முடியவில்லை.

அக்கா


மே 24

அக்கா,

வியாழக்கிழமை அந்த இடத்தைத் திறக்கிறார்கள். வீட்டுக்காரி வர வேண்டும் என்கிறார்கள். நீங்கள் வராவிட்டால் சின்னவர்தான் அடையாளம் காட்ட வேண்டும். அவரால் முடியாது. என்னாலும் முடியாது, ஆனால் வேறு யாரும் இல்லாவிட்டால் நான் செய்கிறேன்.

நீங்கள் வந்தால் பஸ் நிலையத்துக்கு வருகிறேன். என்னோடு பேச வேண்டாம். என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். நான் முன்னால் நடக்கிறேன், நீங்கள் பின்னால் வந்தால் போதும்.

தங்கச்சி


ஜூன் 6

தங்கச்சிக்கு,

சொல்லாமல் கிளம்பியதற்கு வருத்தப்படாதே. அடக்கம் முடிந்தபின் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. இந்த முறை உன் சிரிப்பு காரணமில்லை. நீ நன்றாகத்தான் நடந்துகொண்டாய். பஸ் நிலையத்திலிருந்து நீ முன்னால் நடந்தபோது உன் செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமலே நடந்தாய். அப்போதே உன்னைக் கூப்பிட்டிருப்பேன். வாய் வரவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன்னைத் தவிர யாருக்கும் இது புரியாது.

அன்று நான் அழுததை எல்லோரும் பார்த்தார்கள். நான்கு மாதமாக அழாதவள் அழுதுவிட்டாள் என்று எல்லோருக்கும் ஆறுதல். மேஸ்திரியின் மனைவி என் முதுகைத் தடவி, "அழு, அழுதுரு, உள்ள வச்சிருக்காத" என்றாள். தம்பி கம்பை விட்டுவிட்டு அங்கிருந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன்னால்தான் அண்ணி அழுகிறாள் என்ற முகம் அவனுக்கு. நீயும் அழுதாய்.

நான் எப்போது அழத் தொடங்கினேன் என்று கவனித்தாயா? அவரைப் பார்த்தபோது இல்லை. பார்க்கும்போது நான் நன்றாகத்தான் இருந்தேன். ஆமாம், இவர்தான் என்று தெளிவாகச் சொன்னேன். அதற்கப்புறம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முதல் நாளே போயிட்டாரும்மா. தம்பிக்கும் அவருக்கும் நடுவுல மண்ணு இறங்குச்சுல்ல, அப்பவே. வலி தெரிஞ்சிருக்காது" என்றார். அப்போதுதான் அழுதேன்.

அது சந்தோஷம். வேறு பெயர் அதற்கு இல்லை. அவர் முதல் நாளே செத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். நான் கைதட்டியபோது உள்ளே யாரும் தட்டவில்லை, இருட்டில் உட்கார்ந்து யாரும் என்னை எதிர்பார்க்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன். அந்த டாக்டரின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிடுவேனோ என்று பயந்து என் கையை நானே பிடித்துக்கொண்டேன். என் வாயும் சிரித்ததா தெரியாது. முந்தானையால் மூடிக்கொண்டிருந்தேன்.

பதினொரு வருடம் அவரோடு வாழ்ந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை, சொத்து இல்லை, ஒரு நல்ல ஊருக்குப் போனது இல்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தோம். அந்தப் பதினொரு வருடத்திலும் நான் சந்தோஷத்தில் அழுததில்லை. அழுதது இரண்டே முறை. அவர் பிழைத்தார் என்ற பொய்க்கு ஒருமுறை, சீக்கிரம் செத்தார் என்பதற்கு ஒருமுறை. இனிமேல் எனக்கு வேறு சந்தோஷம் எதுவும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இதைப் பரிதாபத்துக்காக எழுதவில்லை. கணக்குத் தெரிந்தால் மனது அலையாது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். டாக்டர் அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பேனாவைப் பார்த்துச் சொன்னார். தம்பி சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. அடுத்த நாளும் தட்டினார், தானும் பதிலுக்குத் தட்டியதாகச் சொன்னான். இரண்டில் ஒன்றுதான் நிஜமாக இருக்க முடியும். எனக்குத் தெரிகிறது. நான் ஒன்றும் குழந்தை இல்லை.

ஆனால் குளிரில் நடுங்கிக் காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு எதுவும் கேட்கும். குழாயில் தண்ணீர் சொட்டினால்கூடத் தட்டுவது போலக் கேட்கும். கேட்காதா?

எனக்கு இதுவரை வந்த சேதிகளையெல்லாம் யாராவது வந்து திருத்தியிருக்கிறார்கள். இந்த ஒரு சேதியை மட்டும் யாரும் திருத்த வேண்டாம். தம்பியிடம் சொல். உன்னிடமும் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 15

அக்கா,

உங்கள் கடிதத்தை முதலில் நான் படித்தேன். சின்னவரிடம் காட்டாமல் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கடைசியில் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஒரு கண்ணில்தான் பார்வை தெளிவு என்பதால் காகிதத்தை முகத்தருகே வைத்து மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் துணி மேல் வைத்தேன்.

வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"அண்ணிக்கு எழுது. தண்ணிச் சத்தம்தான்னு எழுது."

நான் காகிதம் எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவருக்குத் துணையாக இருந்தது அந்தத் தட்டல்தான். அதைச் சொல்லும்போது மட்டும்தான் இத்தனை மாதத்தில் அவர் முகத்தில் உயிர் வரும். என்னிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கியிருந்தார். அண்ணன் முதலில் எப்படித் தட்டினார், பிறகு எப்படி, தான் கல்லை எந்தக் கையில் பிடித்திருந்தார் என்றெல்லாம்.

"எழுதுன்னு சொல்றேன்ல" என்றார். "எனக்குக் காய்ச்சல். நான் பாட்டுக்கு ஏதோ தட்டிக்கிட்டுக் கிடந்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்ல. முதல் நாளே போயிட்டாரு. அப்படியே எழுது."

சொல்லிவிட்டு அழுதார், அக்கா. கண் திறந்த நாளிலிருந்து இதுவரை அழாதவர். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அவர் எழுந்து போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னையும் அழவிட்டார்.

அதனால் எழுதுகிறேன். அது தண்ணீர்ச் சத்தம்தான். பெரியவர் முதல் நாளே போய்விட்டார். நீங்கள் கைதட்டியபோது உள்ளே யாரும் இல்லை. டாக்டர் சொன்னதுதான் சரி. இந்த வீட்டில் இனி யாரும் இதை வேறு மாதிரி சொல்ல மாட்டோம்.

அவர் நேற்று வேலைக்குப் போய்வரும் பாதை வரை நடந்து பார்த்தார். நான் வழக்கம்போல பிஸ்கட் கம்பெனிக்குப் போகிறேன். அந்தச் சேதியை நாங்கள் இரண்டு பேரும் தினமும் ஒருமுறை சொல்லிப் பழகிக்கொள்கிறோம். அவருக்குத் தடுமாறாமல் சொல்ல வந்துவிட்டது என்கிறார். எனக்கு இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

தங்கச்சி